சகலத்திலும் சமம்

நம்மில் இன்னும் கண் தெரிகிறவர்கள் இதைத் தாங்களே படிப்பீர்கள். தெரியாதவர்களுக்குப் பேத்திமார் யாராவது படித்துக் காட்டட்டும். பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவர்களில் சிலராவது மிச்சம் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் அண்ணனை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்து பேசிக்கொண்டிருக்கையில், யாரோடும் சேராமல் வேப்பமரத்தடியில் கால்விரலால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு நிற்பானே, ஒல்லியாக, கழுத்து நீண்டு, அவன்தான். ‘வாத்தியாரை எதிர்த்துப் பேசிக் கெட்டுப்போனவன்’ என்று உங்கள் வீடுகளில் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம். அவன் என்ன பேசினான் என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. நான் போவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

இந்த நூற்றாண்டு பிறந்து பத்து வருஷம் ஆகாத காலம். ஆடியில் தொடங்கிக் கிறிஸ்துமஸோடு முடிந்துபோன கதை. ஆடிக் காற்று நம் தெருக்களில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோற்றில் மண், தலைப்பின்னலில் மண், வேதப்புத்தகத்தைத் திறந்தால் அதிலும் மண். மேற்கே மலையில் சாரல் பெய்கிறது என்று ஆற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்; நமக்கு வருவது காற்று மட்டும்.

அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பில் இருந்தான். டிசம்பரில் மெட்ரிகுலேஷன் பரீட்சை. எங்கள் அப்பா மிஷன் ஆபீஸில் ரைட்டர். துரைமார் கிறுக்கிக் கொடுக்கும் கடிதங்களை நல்ல எழுத்தில் பிரதி எடுப்பது அவர் வேலை. அவருடைய இங்கிலீஷ் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதன் அர்த்தம் பாதிதான் அவருக்குத் தெரியும். கையில் மை படிந்த நகங்களோடு சாப்பிட உட்காரும்போதெல்லாம், “இவன் பாஸ் பண்ணிட்டாம்னா இவன் சொல்லுவான், வேறொருத்தன் எழுதுவான்” என்பார். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது.

அண்ணனுக்கு எல்லாப் பாடத்தைவிடவும் க்ஷேத்திரகணிதம் பிடிக்கும். கோடு, கோணம், வட்டம், முக்கோணம். அவனிடம் ஒரு பித்தளைக் கவராயம் இருந்தது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு துரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதன் திருகு சற்றுத் தளர்ந்து, வட்டம் போடுகையில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும். அடுக்களைத் தரையில் நான் புளி உரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அவன் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருப்பான். சாணம் மெழுகின தரை. அம்மா திட்டிக்கொண்டே திரும்ப மெழுகுவாள்.

ஒரு நாள் காலையில் கொல்லையில் நின்ற வடலிப் பனையிலிருந்து பச்சை ஓலை நறுக்கிவந்து, முக்கோணங்களாக வெட்டினான். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, நகத்தால் ஓரம் பார்த்து, ஒட்ட வெட்டினான். என்னைக் கூப்பிட்டான்.

“ஏட்டி, இங்கன வா. இது ரெண்டும் ஒண்ணா, வேறயா?”

ஒன்றை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தேன். இம்மியும் வித்தியாசம் இல்லை. “ஒண்ணுதான்” என்றேன்.

ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பானைக்கு அடியில் வைத்தான். மற்றதைக் கொல்லைச் சுவரின் மேல் வெயிலில் வைத்து, பறக்காமல் இருக்கக் கல் ஒன்றைத் தூக்கி வைத்தான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு இரண்டையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். வெயிலில் கிடந்தது வெளுத்து, விளிம்பு சுருண்டு, கட்டைவிரலால் அமுக்கி நீட்டினாலும் மற்றதைவிடச் சின்னதாக இருந்தது.

“இப்ப?”

“இப்ப இது சின்னது. வெயில் பட்டா சுருங்கத்தானே செய்யும்.”

“ஓலை எதுல பட்டா சுருங்கும்னு ஒனக்குத் தெரியும். புத்தகத்துல இருக்க முக்கோணம் எதுல பட்டாச் சுருங்கும்னு யாருக்குட்டி தெரியும்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே என் தலையில் குட்டிவிட்டுப் போனான். அவன் அப்படிச் சிரித்ததைப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். உங்களில் கணக்குப் பாடம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். இரண்டு முக்கோணங்கள் ஒன்றே போன்றவைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் இரண்டு பக்கமும், அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணமும், அதிலுள்ளதற்குச் சமமாக இருந்தால் போதும். மற்றதெல்லாம் தானே சமமாகிவிடும். இன்றைக்குப் பிள்ளைகள் சர்வசமம் என்கிறார்கள். அன்றைக்கு அதை ‘சகலத்திலும் சமம்’ என்பார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் பழைய புத்தகம் என்ன சொன்னது? இந்த முக்கோணத்தைத் தூக்கி அதன் மேல் வை. முனை முனையில் விழும், பக்கம் பக்கத்தில் விழும், ஆகவே சமம். இவ்வளவுதான். இதைப் பரீட்சையில் ஒரு சொல் பிசகாமல் எழுத வேண்டும்.

அண்ணன் வகுப்பில் எழுந்து நின்று கேட்டானாம். பக்கத்து வீட்டுப் பையன் அவனோடு படித்தவன்; அவன்தான் வந்து அம்மாவிடம் சொன்னான்.

“சார், தூக்கி வைக்கைல அது மாறாதுன்னு எப்படித் தெரியும்?”

கணக்கு வாத்தியார் முதலில் சிரித்தாராம். “ஏன்லே மாறும்? அது என்ன பச்சோந்தியா?”

“மாறும்னு சொல்லல சார். மாறாதுன்னு நாம முன்னாலயே ஒத்துக்கிட்டோம்னா, அதுவே ரெண்டும் சமம்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே? அப்ப எதை நிரூபிச்சோம்?”

வகுப்பு சிரித்தது. வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பிரம்பை எடுத்தார். அன்று சாயங்காலம் அண்ணன் இடது கையால் சாப்பிட்டான்.

அந்த வாத்தியாருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. நாமெல்லாம் அவரைக் கிழவர் என்று நினைத்துப் பயந்தோம். அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் துரை வரப்போகிறார் என்று பள்ளிக்கூடமே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. அவரும் இதை உருப்போட்டுத்தான் பாஸ் பண்ணியிருப்பார். பதில் தெரியாத கேள்வி ஒன்று முன்னால் வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வான்? பிற்பாடு நானும் நெடுங்காலம் வாத்திச்சியாக இருந்தேன். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஏலே, ரெண்டும் சமம் இல்லைங்கியா நீ?”

“சமந்தாம்ப்பா.”

“பொறவு?”

“சமந்தான். ஆனா தூக்கி வைக்கது அதுக்குச் சாட்சி இல்ல.”

“எழுதியிருக்கத எழுதினா போதும்லே. நான் அப்படி எழுதித்தான் ஒங்களுக்கெல்லாம் சோறு போடுதேன்.”

அதைக் கேட்டதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அது அவனுக்கு வலித்தது என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் மறுநாளும் அவன் அந்த ஒரு பாடத்தை எழுதாமல் வெற்றுத்தாளாக விட்டுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம். புத்தகச் சூடு தலைக்கேறிவிட்டது என்று அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி, மிளகு பொரித்துப் போட்டு, கோழி கூவும் நேரத்தில் அவனை முற்றத்தில் உட்காரவைத்துத் தேய்ப்பாள். சீயக்காய்த் தூள் கண்ணில் விழுந்து சிவந்த கண்ணோடு பள்ளிக்கூடம் போவான். அம்மா மிஷன் அம்மாமாருக்கு லேஸ் பின்னிக் கொடுப்பவள். ஒரு நாள் சட்டைக்கு வெட்டி வைத்திருந்த இரண்டு கைத்துணிகளை அவன் முன்னால் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் காட்டினாள்.

“இங்க பாரு ராசா. ஒண்ணு மேல ஒண்ணு வச்சுத்தானே வெட்டுதேன். எத்தன வருசமா வெட்டுதேன். என்னைக்காவது ஒரு கை நீளமா வந்திருக்கா?”

“இல்லம்மா” என்றான்.

“அப்ப சரின்னு ஒத்துக்கிட வேண்டியதுதானே?”

“சரிதாம்மா. நீ செய்யது சரிதான்.”

அவள் சந்தோஷமாக அடுக்களைக்குப் போனாள். பிள்ளை குணமாகிவிட்டான் என்று அன்று பணியாரம் சுட்டாள். கருப்பட்டி வாசனை தெருவரைக்கும் போயிற்று. அவன் மட்டும் அந்தத் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

ஆவணியில் எங்கள் சபை ஐயர் வந்தார். நம் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், உங்களுக்குத் தெரியும். நல்ல மனுஷர், சாவு வீட்டில் அழுகிறவர். அப்பா தோத்திரம் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஐயர் அண்ணனை முன்னால் நிறுத்தி விஷயத்தைக் கேட்டார். அவன் மறுபடியும் பொறுமையாக விளக்கினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். இவர் விளங்கிக்கொள்வார் என்று அவன் நம்பியிருக்க வேண்டும்.

ஐயர் கண்ணைத் திறந்து அப்பாவிடம் சொன்னார்: “ரைட்டரே, இது கணக்கு வியாதி இல்ல. சாட்சி வேணும், சாட்சி வேணும்னு கேக்கான். ஆண்டவர் உயிர்த்தெழுந்தத, தொட்டுப் பாக்காம நம்ப மாட்டேன்னு ஒரு சீஷன் சொன்னானே, அந்த ஆவிதான் இது. இன்னைக்கு முக்கோணத்தைச் சந்தேகப்படுதான். நாளைக்கு எதைச் சந்தேகப்படுவான்னு யோசிச்சுப் பாரும்.”

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. எல்லாரும் முழங்காலில் நின்றோம். ஐயர் அண்ணனின் தலையில் கை வைத்து நீளமாக ஜெபித்தார். அண்ணனும் ஆமென் சொன்னான். எழுந்தபோது அவன் முழங்காலில் ஓலைப்பாயின் தடம் பதிந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருவனை ஒரு மாதிரியாகப் பார்த்தால், பிள்ளைகளும் அப்படிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு கலங்கிப் பெருகி, வண்ணார்பேட்டைக் கரையில் படித்துறைகள் முங்கிப்போயின. அந்த மழைக்குள்தான் பள்ளிக்கூடத்தில் தேர்வு வைத்தார்கள். மெட்ரிகுலேஷனுக்கு யார் யாரை அனுப்புவது என்று பார்க்கிற தேர்வு. அந்தப் பாடத்தையே கேட்டிருந்தார்கள். அண்ணன் இந்தத் தடவை தாளை வெற்றாக விடவில்லை. ‘இது உண்மை என்று ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் புத்தகத்தில் உள்ளது நிரூபணம் ஆகாது’ என்று எழுதி, ஏன் என்றும் எழுதிவிட்டு வந்தான். மற்ற எல்லாக் கணக்கும் சரி என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.

தலைமையாசிரியர் அப்பாவை வரவழைத்தார். பையன் வந்து வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டு, கரும்பலகையில் அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடி ஒப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்ப முடியாது.

அப்பா அன்றைக்குத்தான் அடித்தார். இடுப்புக் கச்சையை உருவி அடித்தார். அடிக்கத் தெரியாதவர், பாதி அடி தூணில் விழுந்தது. அடித்துவிட்டு அவரே மூச்சு வாங்கி உட்கார்ந்து, “என்னைக் கொன்னுட்டுப் போலே” என்று சொல்லி அழுதார். அண்ணன் அடிக்கு அழவில்லை. அப்பா அழுவதைப் பார்த்ததும் அழுதான்.

“எழுதுதேம்ப்பா” என்றான். “சொல்லிக்குடுங்க. எழுதுதேன்.”

அந்த வாரம் முழுக்க விடியற்காலையில் அப்பா புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் எதிரே நின்று ஒப்பித்தான். கூரை ஒழுகி வட்டிலில் சொட்டும் சத்தம். இங்கிலீஷில் அந்தப் பாடம்: ஏ-பி-சி, டி-இ-எஃப், பிளேஸ் தி பாயிண்ட் ஏ. அப்பாவுக்கு அர்த்தம் தெரியாது; ஒரு சொல் விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார். எனக்கும் அர்த்தம் தெரியாது. போர்வைக்குள் படுத்துக்கொண்டே முழுவதும் பாடமாகிவிட்டது. இப்போது நேற்றுச் சாப்பிட்டது மறந்துவிடுகிறது. அது மறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போகிற நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. “அவளும் வரட்டும்” என்றான் அண்ணன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பின்னால் இரண்டு பேரும் சேற்றில் நடந்தோம். என்னைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாப் பையன்களும் பெஞ்சில். கணக்கு வாத்தியார் ஓரமாகக் கைகட்டி நின்றார். தலைமையாசிரியர் நாற்காலியில். அப்பா வாசலுக்கு உள்ளே வராமல், வெளியேயும் நிற்காமல், படியில் ஒரு காலோடு நின்றார்.

அண்ணன் மன்னிப்புக் கேட்டான். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து இரண்டு முக்கோணம் போட்டான். அளவெடுக்காமல் கைக்கு வந்தபடி போட்டதுதான். அவ்வளவு அழகாக இருந்தன. ஒப்பிக்கத் தொடங்கினான். ‘தூக்கி வை’ என்ற இடம் வந்ததும் ஒரு கணம் நிறுத்தினான். அப்பாவின் பாதம் படியில் நகர்ந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்தான். பிறகு கடகடவென்று முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ‘ஈக்வல் இன் ஆல் ரெஸ்பெக்ட்ஸ்’ என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக்கட்டியை வைத்த இடத்திலேயே வைத்தான்.

தலைமையாசிரியர் தலையசைத்தார். “நல்லது. இத முன்னாலயே செஞ்சிருக்கலாம்” என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்: “பேரெல்லாம் போன வாரமே மெட்ராசுக்குப் போயிட்டு. இந்த வருசத்துக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. அவன் திருந்தினதுல சந்தோசம்.”

அப்பா “சரிங்க ஐயா” என்றார். திரும்பி வருகையில் மழை கொட்டியது. அவர் குடையை விரிக்க மறந்து கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். நாங்களும் நனைந்துகொண்டே பின்னால் நடந்தோம்.

அடுத்த வருஷம் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டாள். அப்பாவும் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அண்ணனிடம் ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. புத்தகத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். படி என்றால் பக்கத்தைத் திருப்புவான். அது விளங்கியதா என்று கேட்டால் “விளங்குது” என்பான். எதைக் கேட்டாலும் அதே பதில். கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை எடுத்து, நல்லா இருக்கா என்று அம்மா கேட்டாள். “நல்லா இருக்கு” என்றான். சட்டையைப் பார்க்காமலேயே சொன்னான்.

கவராயத்தை அப்பா பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்திருப்பார். அந்தப் பையன் பாஸ் பண்ணித் தாலுகா கச்சேரியில் சேர்ந்தான். கவராயம் என்ன ஆயிற்று என்று தெரியாது.

தை மாதத்தில் வள்ளியூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், கருப்பட்டி வியாபாரி. சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்குப் படித்த பையன்கள் வேண்டுமாம்.

“சும்மா இங்கன உக்காந்து மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு, அங்கன போயி நாலு மனுசரப் பாக்கட்டும். என்ன மருமவனே, போறியா?”

“போறேன் மாமா” என்றான் அண்ணன்.

தூத்துக்குடிக்கு அப்பாவும் மாமாவும் கூடப் போனார்கள். வீட்டு வாசலில் வண்டி ஏறுகையில் அவன் என்னிடம் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் செருப்பு கடிக்கிறது என்று குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தான். அப்படியே வண்டி போய்விட்டது.

பிறகு வருஷங்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று கடிதம் வரும். அப்பா அதை மூக்குக்கண்ணாடியோடு திரும்பத் திரும்பப் படிப்பார். நான் வளர்ந்து, வாத்திச்சிப் பயிற்சியில் சேர்ந்தேன். அங்கே எங்களுக்குக் கணக்கு எடுத்தது ஒரு துரைசானி அம்மா. உயரமாக, வெயிலில் மூக்கு உரிந்து, புத்தகத் தமிழ் பேசுவார்கள். ஒரு நாள் முக்கோணப் பாடத்துக்கு வந்தார்கள். கை தானாக உயர்ந்தது.

“அம்மா, ஒன்றைத் தூக்கி ஒன்றின்மேல் வைக்கும்போது அது மாறாது என்று எப்படித் தெரியும்?”

துரைசானி அம்மா சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார்கள்.

“தெரியாது” என்றார்கள். “மிக நல்ல கேள்வி. பழைய புத்தகத்தில் அப்படித் தூக்கி வைத்துக் காட்டுவார்கள். அது நிரூபணம் அல்ல. பெரிய பண்டிதர்கள் வெகுகாலமாக அதைப் பற்றிச் சண்டையிட்டிருக்கிறார்கள். நாம் இதை நிரூபிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறோம். பிறகு மேலே போகிறோம்.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்கள் மேலே போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்தவள், ஏன் அழுகிறாய் என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது கை நடுக்கம் வந்து, ஆபீஸ் வேலையை விட்டிருந்தார். முழுக்கக் கேட்டார். “நிச்சயமாச் சொன்னாவளா?” என்றார். ஆமாம் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவனுக்கு இத எழுதிராதம்மா.”

“ஏம்ப்பா?”

“எழுதி?” என்றார். “இனி அவன் அத வச்சு என்ன செய்வான்?”

நான் எழுதவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். பெரிய சண்டை, அந்த முதல் உலக யுத்தம், ஓய்ந்த வருஷம் அவன் லீவில் வந்தான். கோட்டுப் போட்டிருந்தான். மலைக்காய்ச்சல் வந்து வந்து வயிற்றில் மண்ணீரல் கட்டி, கண் மஞ்சளாக இருந்தது. வெற்றிலைக் கறை. யாராவது குரலை உயர்த்திப் பேசினால், அது தெருவில் போகிற மோர்க்காரியாக இருந்தாலும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவான். அப்பா அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். தண்ணீர் தெளிந்து முழங்கால் அளவு ஓடிற்று. அவன் குளித்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்.

“அண்ணே, நீ அன்னைக்குக் கேட்டது சரி. அதுக்குச் சாட்சி கெடையாதாம். சும்மா ஒத்துக்கிடதுதானாம். பெரிய பெரிய பண்டிதரெல்லாம் ஒன்ன மாதிரியே கேட்டிருக்காவளாம்.”

“எது?” என்றான்.

முக்கோணத்தை ஞாபகப்படுத்தினேன். துவட்டுகிற கை நின்றது.

“யாரு சொன்னா?”

“எங்க துரைசானி அம்மா.”

“அவியளா வந்து சொன்னாவளா, இல்ல நீ கேட்டியா?”

“நாந்தான் கேட்டேன். வகுப்புல.”

அவன் எழுந்து நின்றுவிட்டான். கரையில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். துணி துவைக்கிறவர்கள் தூரத்தில் இருந்தார்கள். என் பக்கத்தில் குனிந்து பைய சொன்னான்: “இனிமே கேக்காத.”

“அவிய கோவப்படல அண்ணே. நல்ல கேள்வின்னு சொன்னாவ.”

“இன்னைக்குச் சொல்லுவாவ.” அவன் மறுபடியும் கரையைப் பார்த்தான். “ஒனக்குத் தெரியாது. அந்த வயசுல எனக்குத் தலையில ஒரு கோளாறு இருந்துச்சு. எல்லாரும் பாடுபட்டாவ. அம்மா எண்ண தேச்சா. ஐயரு ஜெவம் பண்ணுனாவ. அப்பா அடிச்சு அதச் சரியாக்கினாவ. இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்? ஒனக்கும் அது வந்துரப்படாது.”

“அது கோளாறு இல்ல அண்ணே. நீதான் சரி.”

“சரி, சரி” என்றான். தோட்டத்தில் துரையிடம் சொல்கிற மாதிரி சொன்னான். அதற்கு மேல் என்னால் அவனை எட்ட முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவன் திரும்பிப் போன அடுத்த மழைக்காலத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துபோனான் என்று செய்தி வந்தது. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். எந்த மலை, எந்தச் சரிவு என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அப்பா அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேசவில்லை, பேச்சையே குறைத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு வருஷம்தான்.

ஆனால் என் மனதில் நிற்பது, அந்த லீவு முடிந்து அவனை வழியனுப்பின ரயிலடி. காலை வெயில், கரிப்புகை வாசனை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அப்பாவும் அம்மாவும் பேசி முடித்துத் தள்ளி நின்றார்கள். அவன் கையாட்டி என்னைக் கூப்பிட்டு, கம்பிக்குள்ளிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. வண்டி அசைந்துவிட்டது. நான் கூடவே நடந்தேன்.

“கேக்க மாட்டேன்னு சொல்லு” என்றான்.

அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

“கேக்க மாட்டேன் அண்ணே. யார்ட்டயும் எதையும் கேக்க மாட்டேன்.”

அவன் முகம் தெளிந்தது. அந்த லீவு முழுக்க அவன் சிரித்தது அப்போது மட்டும்தான்.